கட்டிலில் கருச்சாமி இருந்த நாள்

மதோவ்
1998 அக்டோபர் 11, ஞாயிறு

சூச்சின் அக்காவுக்கு,

என் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமலே தூக்கிப் போட்டிருந்தால் அது உங்கள் உரிமை. பிரித்திருந்தால் கொஞ்சம் மேலே படியுங்கள். நான் எழுதுவது உங்கள் தம்பிக்குத் தெரியாது. காலை வியாபாரம் முடிந்து, மாவுக் கரண்டியைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டு தடவை உங்கள் மில் ஆபீசுக்குப் போன் போட்டேன். யாரோ எடுத்து, "எந்த சூச்சின்? காலுறை மடிக்கிற சூச்சினா?" என்று கேட்டதும் வைத்துவிட்டேன். ஆபீசில் நாலு பேர் நடுவே உங்களை நிறுத்தி வைத்து நான் என்ன பேச முடியும்?

ஒரு உதவி வேண்டும் அக்கா. என் இடது காலில் நரம்பு சுருட்டிக்கொண்டிருக்கிறது. முழங்காலுக்குப் பின்னால் மண்புழு சுருண்டு கிடப்பதுபோல் நீலமாய்ப் புடைத்து நிற்கிறது. விடியற்காலை ஐந்து மணியிலிருந்து பதினொன்று வரை முட்டை அடை சுட நின்றுகொண்டே இருப்பதால் சாயங்காலம் கால் கல்லாகக் கனக்கிறது. தொடை வரை இறுக்கிப் பிடிக்கும் காலுறை போடச் சொன்னார் டாக்டர். மருந்துக் கடையில் வாங்கியது பத்தாவது அடை சுடுவதற்குள் முழங்காலுக்குச் சரிந்துவிடுகிறது. அதைத் தூக்கி விடுவதா, அடையைத் திருப்புவதா? ஷெதோவில் பாதிப் பேர் காலுறை பின்னுகிறவர்கள். உங்களுக்குத் தெரியாததா?

டாக்டரிடம் எதற்குப் போனாய் என்று கேட்பீர்கள். பதினொரு வாரம் அக்கா. மூன்று மாதம் முடியும் முன் வெளியே சொல்லக்கூடாது என்பார்கள். உங்களிடம் சொல்லிவிட்டேன், நீங்கள் வெளி ஆள் இல்லை. இது மூன்றாவது. தைனான் ஆஸ்பத்திரியில் ஹோ என்று ஒரு டாக்டரம்மா, முதல் இரண்டும் எப்படிப் போயின என்று துருவித் துருவிக் கேட்டு, ஏழு குழாய் ரத்தம் எடுத்திருக்கிறார். முடிவு வர இரண்டு வாரமாகுமாம்.

வேறு எதையும் எழுத எனக்குத் தைரியம் வரவில்லை.

யூலான்


ஷெதோவ், மில் விடுதி
அக்டோபர் 16

யூலான்,

உறையைப் பிரித்தேன். கத்தரிக்கோலால்தான் பிரித்தேன். அது உனக்கு ஆகாது என்றால் சொல், அடுத்த தடவை பல்லால் கிழிக்கிறேன்.

காலுறை கேட்டிருக்கிறாய். இங்கே அதைப் பின்னும் மெஷின் ஒவ்வொன்றிலும் நானூறு ஊசி இருக்கிறது. வட்டமாக நின்று நானூறும் ஏறி இறங்கும். ஒரே ஒரு ஊசிக்காக என்னை என் அப்பா கட்டிய வீட்டிலிருந்து அனுப்பி வைத்தாய். இப்போது நானூறு ஊசி பட்ட துணியைத் தொடை வரை மாட்டிக்கொள்ளப் போகிறாய். பஞ்சாங்கத்தைப் புரட்டினாயா? பக்கத்து வீட்டு லியாவ் அத்தையிடம் அனுமதி வாங்கினாயா?

நான் மறக்கவில்லை. இரண்டு வருஷம் முன்பு, அந்தப் பனிக்காலத்தில், உனக்கு ஐந்தாம் மாதம். கரு நிலைக்க வேண்டுமென்று உன்னைக் கட்டிலை விட்டு இறங்க விடாமல் எல்லோருமாகப் படுக்க வைத்திருந்தோம். நீ இருமிக்கொண்டிருந்தாய். துவைத்த உறையைப் பஞ்சுப் போர்வைக்குப் போட்டு, நீ கட்டிலில் படுத்திருக்க, உன்னைச் சுற்றி நாலு ஓரமும் தைத்தேன். உனக்குக் குளிரக் கூடாது என்றுதான் தைத்தேன். மூன்றாம் நாள் பிள்ளைக்குத் துடிப்பு இல்லை. நீயும் லியாவ் அத்தையும் பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தீர்கள். வயிற்றுப் பிள்ளையைக் காக்கும் கருச்சாமி தினம் ஓர் இடத்தில் இருக்கும், அது இருக்கும் இடத்தில் ஊசியோ ஆணியோ கத்தரிக்கோலோ படக்கூடாது. நான் தைத்த நாளில் அது கட்டிலில் இருந்ததாம். சாப்பாட்டு மேஜையில் வைத்துச் சொன்னாய்: "அக்கா தச்சது போர்வைய இல்ல, என் பிள்ளையோட மூச்ச." தெஷியாங் தலை நிமிராமல் சோறு தின்றான். தாய் தகப்பன் போன பிறகு நான் தைத்துத் தைத்து வளர்த்த தம்பி.

சரி. அளவு வேண்டும். காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன் எடு, இறங்கிவிட்டால் கால் வீங்கி அளவு பொய்யாகிவிடும். கணுக்கால் எலும்புக்கு மேலே ஒடுங்கிய இடம், கெண்டைக்காலில் பருத்த இடம், தொடையில் இடுக்குக்கு நாலு விரல் கீழே. இரண்டு காலுக்கும் தனித்தனியாக எடு. உயரமும் எழுது.

அடை சுடுவதைத் தெஷியாங்கிடம் கொடு. அவனுக்கும் இரண்டு கை இருக்கிறது.

வாந்தி இருக்கிறதா?

சூச்சின்


மதோவ்
அக்டோபர் 24

அக்கா,

வாந்தி காலையில் மட்டும். முள்ளங்கி ஊறுகாய் வாசனை பட்டால் ஆகாது, கஞ்சி இறங்குகிறது.

அளவு தனித்தாளில் இருக்கிறது. இடது தொடை வலதைவிட இரண்டு அங்குலம் பருத்திருக்கிறது. தப்பாக எடுத்துவிட்டேனோ என்று மூன்று தடவை எடுத்தேன்.

ரத்த முடிவு வந்துவிட்டது. இந்த இடத்தில் வந்து இந்தக் கடிதத்தை இரண்டு தடவை கிழித்துப் போட்டேன். மூன்றாவது தடவை எழுதுகிறேன், எப்படி வந்தாலும் அனுப்பிவிடுவேன்.

என் ரத்தம் மற்றவர்கள் ரத்தம் போல இல்லையாம். உறையக் கூடாத நேரத்தில் உறைகிறதாம். கர்ப்பம் தரித்தால் அது இன்னும் அதிகமாகிறதாம். நஞ்சுக்கொடியில் சின்னச் சின்னதாக உறைந்து பிள்ளைக்குப் போகிற வழியை அடைத்துவிடும் என்றார். முதல் இரண்டும் அப்படித்தான் போயிருக்க வேண்டும் என்றார். காலில் நரம்பு புடைத்திருப்பதால் அங்கேயும் உறையலாம் என்று பயப்படுகிறார்.

மருந்து ஊசிதான் அக்கா. தினமும் வயிற்றில், பிள்ளை பிறக்கும் வரை, பிறந்த பிறகும் ஆறு வாரம். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். எங்கள் வீட்டில் ஒரு குண்டூசிகூட இல்லை. கத்தரிக்கோலைச் சிவப்புத் துணியில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறோம். நாட்காட்டி மாட்ட ஆணி அடிக்கவேண்டாம் என்று அதைக் கயிற்றில் தொங்கவிட்டிருக்கிறார் உங்கள் தம்பி.

தெரு முனை கிளினிக்கில் நர்ஸ் போட்டுவிடுகிறாள், தினமும் நடந்து போய் வருகிறேன். லியாவ் அத்தைக்கு மனசே ஆறவில்லை. "புள்ளத்தாச்சி வயித்துலயேவா குத்துவாங்க?" என்று கோழி சூப் கொண்டு வரும்போதெல்லாம் கேட்கிறார். அவர் கெட்டவர் இல்லை அக்கா. பயந்தவர். நானும் அப்படித்தான்.

யூலான்


ஷெதோவ்
அக்டோபர் 31

யூலான்,

பார்சலில் இரண்டு ஜோடி இருக்கிறது. ஒன்றைத் துவைத்து ஒன்றைப் போடு. இடதுக்கு 'இ' என்று மேல் ஓரத்தில் மையால் எழுதியிருக்கிறேன், மாற்றிப் போட்டு என்னைத் திட்டாதே. எங்கள் மாஸ்டர் ஒரு காலுக்கு ஓர் அளவு வைத்து மெஷினைத் திருப்பிக் கட்ட முடியாது என்று முகத்தைச் சுளித்தார். இரண்டு நாள் அவர் பின்னாலேயே நின்றேன். தொல்லை தாங்காமல் கட்டிவிட்டார்.

போடும் விதம்: ரப்பர் கையுறை மாட்டிக்கொள், நகம் பட்டால் இழை போய்விடும். குதிகால் வரை உள்பக்கம் வெளியே திருப்பு. முதலில் பாதத்தை நுழை, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே தடவிக்கொண்டு போ. பிடித்து இழுக்காதே. காலையில் போடு, படுக்கும்போது கழற்று. சரியவே சரியாது. சரிந்தால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன்.

இனி ஒரு விஷயம். டாக்டர் சொன்னதாக நீ எழுதியதைப் பத்துத் தடவை படித்துவிட்டேன். "அப்படித்தான் போயிருக்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறாய். அது உன் வார்த்தையா, அவர் வார்த்தையா? அடுத்த தடவை போகும்போது ஒன்று கேள். போர்வை தைத்ததைச் சொல். கட்டிலில் வைத்துத் தைத்ததையும் சொல், எதையும் மறைக்காதே. அவர் வாயிலிருந்து என்ன வருகிறதோ அதை ஒரு சொல்கூட மாற்றாமல் எழுதி அனுப்பு. எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நீயாக எதையும் சேர்க்காதே.

எதற்கு என்று கேட்காதே.

கிளினிக் ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா? அன்று யார் போடுகிறார்கள்?

சூச்சின்


தைனான், ஆஸ்பத்திரி
நவம்பர் 19

அக்கா,

முதலில் இதைப் படித்துவிடுங்கள்: பிள்ளை நன்றாக இருக்கிறது. இன்று காலை துடிப்பைக் கேட்டேன். குதிரை ஓடுவதுபோல டக்டக்கென்று கேட்டது.

நான்தான் நன்றாக இல்லை, அதுவும் என்னால்தான். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை பற்றிக் கேட்டிருந்தீர்கள். உண்மையை எழுதுகிறேன். ஞாயிறு மட்டுமில்லை. பஞ்சாங்கத்தில் கருச்சாமி கட்டிலில் அல்லது அறையில் என்று போட்டிருந்த நாளெல்லாம் நான் கிளினிக்குக்குப் போகவில்லை. தலைவலி என்று நர்ஸிடம் சொன்னேன். போய்விட்டு வந்தேன் என்று உங்கள் தம்பியிடம் சொன்னேன். மூன்று வாரத்தில் எட்டு நாள். அதோடு, ஒரு நாள் லேசாகக் கறை பட்டதும், லியாவ் அத்தை சொன்னபடி நாலு நாள் கட்டிலை விட்டு இறங்காமல் படுத்தேன். படுத்திருக்கும்போது எதற்கு என்று உங்கள் காலுறையையும் கழற்றி வைத்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் இடது கால் தொடை வரை வீங்கிச் சிவந்து சுட்டது. தெஷியாங் கடையை அப்படியே போட்டுவிட்டு, அடை கேட்டு வந்த ஒருவரின் வண்டியிலேயே என்னை ஏற்றிக் கொண்டுவந்தார். காலில் பெரிய நாளத்திலேயே ரத்தம் உறைந்திருந்தது. அது நகர்ந்து நெஞ்சுக்குப் போயிருந்தால் நானும் இல்லை, பிள்ளையும் இல்லை.

டாக்டர் ஹோ கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஏன் விட்டாய் என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். பஞ்சாங்கம், போர்வை, கட்டில், நீங்கள், சாப்பாட்டு மேஜையில் நான் சொன்னது. அவர் சொன்னதை அவர் இருக்கும்போதே மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். ஒரு சொல்லும் மாற்றவில்லை:

"எங்கம்மாவும் நான் வயித்துல இருக்கிறப்ப ஊசியத் தொடல. நான் அதைக் குத்தம் சொல்லமாட்டேன். ஆனா உங்க பிள்ளை அந்தப் போர்வைனால போகல. அவங்க தைக்க உட்காரும் முன்னாடியே பல நாளா நஞ்சுக்கொடி அடைஞ்சுக்கிட்டே வந்திருக்கு. அன்னிக்கு அவங்க தைக்காம இருந்தாலும் போயிருக்கும். உங்க நாத்தனார் செஞ்சது ஒண்ணே ஒண்ணுதான், உங்களுக்குக் குளிராம பாத்துக்கிட்டாங்க."

அக்கா, நான் உங்களுக்குச் செய்தது பெரிய அநியாயம். எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, நீங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தீர்கள். என்னை மன்னியுங்கள் என்று கேட்கக்கூட வாய் கூசுகிறது. கேட்கிறேன்.

அடுத்த வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இனி ஊசி தினம் இரண்டு, காலையும் மாலையும். வீட்டிலேயே போட்டுக்கொள்ளப் பழக வேண்டுமாம். நர்ஸ் சொல்லிக்கொடுத்தாள். தெஷியாங் பார்த்துக்கொண்டே நின்றார், பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்குத்தான் தண்ணீர் தெளிக்க வேண்டியதாயிற்று. எனக்கோ ஊசி முனை தோலுக்குப் பக்கத்தில் போனதும் கை நின்றுவிடுகிறது.

யூலான்


ஷெதோவ்
நவம்பர் 22

யூலான்,

டாக்டர் சொன்ன அந்த நாலு வரியை உன் கடிதத்திலிருந்து வெட்டி என் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

நான் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டு வந்தேன் என்றுதானே நீங்கள் இருவரும் நினைத்தீர்கள்? நானும் அப்படித்தான் ஊருக்குக் காட்டினேன். உண்மை அது இல்லை. நீ சொன்னதை நான் நம்பினேன். நான்தான் கொன்றேன் என்று நினைத்தேன். உன் முகத்தைத் தினமும் பார்க்க முடியாமல்தான் ரயிலேறினேன். இங்கே முதல் நாளே காலுறையின் விரல்முனையைத் தைத்து மூடும் வரிசையில் உட்கார வைத்தார்கள், இருபத்தைந்து வருஷம் தைத்தவள் என்று. முடியாது என்றேன். மாட்டுகிறேன், மடிக்கிறேன், அடுக்குகிறேன், தைக்க மட்டும் சொல்லாதீர்கள் என்றேன். என் தையல் மெஷின் விடுதிக் கட்டிலுக்கு அடியில் மூடியபடியே கிடக்கிறது. இரண்டு வருஷமாகச் சட்டைப் பொத்தான் அறுந்தால்கூடப் பக்கத்துக் கட்டில்காரிதான் தைத்துத் தருகிறாள்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் ஒரே வரியில் முடிந்துவிடும். எனக்கு இன்னும் கொஞ்சம் வலிக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். எட்டு நாள் ஊசியை விட்டாய் என்று படித்தபோது ரயிலேறி வந்து உன்னை ஒரு அறை விடலாம் என்று இருந்தது. பிறகு யோசித்தேன். அந்தப் பஞ்சாங்கத்தை நம்பியது நீ மட்டுமா?

இப்போது கவனமாகப் படி. எங்கள் மில் நர்ஸிடம் போய்க் கேட்டு, ஒரு காலி ஊசியும் வாங்கிவந்து, சந்தையில் வாங்கிய பம்பளிமாஸ் பழத்தில் குத்திப் பழகினேன். உங்கள் ஊர்ப் பம்பளிமாஸ்தான். முதல் ஊசிக்கு என் கையும் நின்றது. பத்தாவதில் நிற்கவில்லை.

ஜன்னல் வெளிச்சம் இருக்கும் இடத்தில் உட்கார். தொப்புளுக்கு இரண்டு அங்குலம் தள்ளி, ஒரு நாள் இடது, ஒரு நாள் வலது. தோலைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மடித்துத் தூக்கு, கொசுவம் பிடிப்பதுபோல. ஊசியைச் சாய்க்காதே, நேராக விடு. தயங்கித் தயங்கிக் குத்தினால்தான் வலிக்கும். துணியானாலும் அப்படித்தான், பயந்து குத்தினால் இழை இழுக்கும். உள்ளே போனதும் மருந்தை மெதுவாகத் தள்ளு, பத்து எண்ணு, எடு. பிடித்த மடிப்பை அப்புறம்தான் விடவேண்டும். தேய்க்காதே, பஞ்சை வைத்து அழுத்து.

எண்ணுவது தெஷியாங்கின் வேலை. சுவரைப் பார்த்துக்கொண்டு எண்ணட்டும். அதற்கும் மயங்கினால் எனக்கு எழுது.

நடக்கலாம் என்று டாக்டர் சொன்னதும் நட. படுத்துக் கிடக்காதே. அடுத்த சூப்போடு லியாவ் அத்தை வந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு நட.

சூச்சின்


மதோவ்
1999 மார்ச் 2

அக்கா,

இருநூறு ஊசி தாண்டிவிட்டது. வயிறெல்லாம் கத்தரிப்பூ நிறத்தில் புள்ளி புள்ளியாக இருக்கிறது. உங்கள் தம்பி இப்போது சுவரைப் பார்ப்பதில்லை, என் கையைப் பார்த்தே எண்ணுகிறார். ஏழுக்கு வந்ததும் பிள்ளை ஒரு உதை விடுகிறது. தினமும் அதே ஏழில்தான். கணக்குத் தெரிந்த பிள்ளை என்று பெருமை அடித்துக்கொள்கிறார். நேற்று கால் வீக்கத்தை அளந்தோம், இரண்டு காலும் கிட்டத்தட்ட ஒன்று. நீங்கள் அனுப்பிய மூன்றாவது ஜோடிதான் இப்போது சரியாக இருக்கிறது. கோயில் வரை நடந்து வருகிறேன். லியாவ் அத்தையும் கூட வருகிறார், பாதி வழியில் அவருக்குத்தான் மூச்சு வாங்குகிறது.

புது வருஷத்துக்கு நீங்கள் வரவில்லை. உங்கள் கிண்ணத்தை மேஜையில் வைத்துவிட்டுத்தான் சாப்பிட்டோம். நான் ஏன் என்று கேட்கவில்லை. நான் சரியாகக் கூப்பிடவில்லை என்பதுதான் காரணம். இப்போது கூப்பிடுகிறேன்.

அந்தப் பஞ்சுப் போர்வையை அன்றே உறை பிரித்துப் பரணில் போட்டேன். இத்தனை நாள் அதைத் தொடவில்லை. சென்ற வாரம் இறக்கி வெயிலில் போட்டேன், பஞ்சு கெடவில்லை. உறையைத் துவைத்து வைத்திருக்கிறேன். கத்தரிக்கோலையும் சிவப்புத் துணியிலிருந்து அவிழ்த்துவிட்டேன். அதால் முதலில் வெங்காயத்தாள் நறுக்கினேன், ஒன்றும் ஆகவில்லை.

மார்ச் 14 ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் வந்து இந்தப் போர்வையைத் தைக்க வேண்டும். கட்டிலில் வைத்துத்தான் தைக்க வேண்டும், நான் அதில் படுத்திருக்கும்போது.

பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். அன்று கருச்சாமி கட்டிலில்தான் இருக்கிறதாம். தெரியாமல் சொல்லவில்லை அக்கா, பார்த்துத்தான் அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்தேன். தெஷியாங்கிடமும் சொல்லிவிட்டேன். "அன்னிக்கு மேஜைல நான் வாயத் தொறந்திருக்கணும்" என்றார்.

யூலான்


ஷெதோவ்
மார்ச் 6

யூலான்,

வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பிள்ளை பிறந்த பிறகு தைக்கலாமே, என்ன அவசரம் என்று ஒரு பக்கம் எழுதியும் விட்டேன். நான் எதையும் நம்புகிறவள் இல்லை என்று விடுதி முழுக்கச் சொல்லித் திரிகிறவள், நீ எழுதிய தேதியைப் பார்த்ததும் என் கை சில்லிட்டுப் போனது. தலையணைக்கு அடியில் இருந்த சீட்டை எடுத்துப் படித்தேன். திரும்பவும் படித்தேன். சில்லிட்டது போகவில்லை. அறிவுக்குத் தெரிவது கைக்குத் தெரிய நாளாகும் போலிருக்கிறது.

பிறந்த பிறகு தைத்தால் அது வெறும் போர்வை. அதுவும் எனக்குப் புரிகிறது.

வருகிறேன். 14ஆம் தேதி காலை ரயில். வெள்ளை நூல் வாங்கி வை, தடித்தது. டாக்டரின் போன் நம்பரைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டு. நூல் கோக்க எனக்குக் கண் பிடிக்காது, நீதான் கோத்துத் தரவேண்டும்.

சூச்சின்


மதோவ்
ஏப்ரல் 25

அக்கா,

நீங்கள் திரும்பிப் போன பிறகு நடந்ததை இப்போது சொல்லலாம். மூன்று நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. பயப்படவில்லை என்று உங்களிடம் ரயிலடியில் சொன்னது பொய். மூன்றாம் நாள் முழுக்க வயிற்றில் கை வைத்துக்கொண்டே அடை விற்றேன். தெஷியாங் மூன்று பேருக்குச் சீனி போடாமல் சோயாப் பால் கொடுத்தார். சாயங்கால ஊசிக்கு எண்ண ஆரம்பித்தார், ஏழு என்றார், உதைத்தது. இரண்டு பேரும் அப்படியே அடைக்கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டோம்.

பிறந்துவிட்டாள். ஏப்ரல் 17, காலை பதினொன்றே முக்காலுக்கு. பெண். இரண்டு கிலோ அறுநூறு. ஒரு நாள் முன்னதாக ஊசியை நிறுத்தி, வலி வரவைத்தார்கள். மறுநாளே மறுபடி ஊசி. இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. முதல் அழுகை கேட்டபோது தெஷியாங் வெளியே நின்று, பழக்கதோஷத்தில் பத்து வரை எண்ணினாராம்.

பிள்ளை பெற்றவள் ஒரு மாதம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று தெருவே சொல்கிறது. நான் உங்கள் காலுறையை மாட்டிக்கொண்டு காலையும் மாலையும் முற்றத்தில் இருபது சுற்று நடக்கிறேன். லியாவ் அத்தை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, "டாக்டர் சொல்லித்தான் நடக்கிறா" என்று வருகிறவர்களுக்கெல்லாம் அவரே பதில் சொல்கிறார். எள்ளெண்ணெய்க் கோழியும் செய்து தருகிறார். ஒயினும் மூலிகை வேரும் போடாமல், டாக்டரிடம் கேட்டுவிட்டு.

பிள்ளைக்கு ஒரு மாதம் நிறையும் விருந்துக்கு முட்டைகளுக்குச் சிவப்புச் சாயம் போட ஆள் வேண்டும். வந்துவிடுங்கள். பெயர் மூன்று எழுதி வைத்திருக்கிறார் உங்கள் தம்பி, நீங்கள் ஒன்றைச் சொன்னால் அதைத்தான் வைப்பது. வரும்போது கட்டிலுக்கு அடியில் கிடக்கும் மெஷினையும் கொண்டுவாருங்கள். அடைக்கல்லை இரண்டு முழம் வாசல் பக்கம் நகர்த்திவிட்டோம். உங்கள் மெஷின் முன்பு இருந்த இடம் காலியாக இருக்கிறது.

போர்வையில்தான் படுத்திருக்கிறாள். நேற்று அதை மடிக்கும்போது கவனித்தேன். மூன்று ஓரம் வரிசை பிசகாமல் போகிறது. நாலாவது ஓரத்தில் ஒரு சாண் தூரத்துக்குத் தையல் கோணிக்கொண்டு போயிருக்கிறது. எனக்கு நினைவு வந்துவிட்டது. நீங்கள் அந்த இடத்தில் இருக்கும்போதுதான் இவள் உள்ளிருந்து உதைத்தாள், போர்வை மேலே எழும்பியது, உங்கள் கை அப்படியே நின்றுவிட்டது. பிறகு மீதியைத் தைத்தீர்கள். லியாவ் அத்தை பார்த்துவிட்டு, அழகாக இல்லையே, பிரித்துத் தைத்துவிடலாமே என்றார்.

அந்த ஒரு சாணை யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

யூலான்